காலி அறைக்குப் பிறந்த பயணம்

டிராவல் ஏஜென்சி விளம்பரங்களில் விலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். கோலாலம்பூர், டூ நைட்ஸ் த்ரீ டேஸ், இத்தனை ஆயிரம் ரூபாய் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, அடியில் பொடி எழுத்தில் 'ட்வின் ஷேரிங், ஒருவருக்கு' என்று முடித்திருப்பார்கள். பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர் வந்து படுத்தால்தான் உங்களுக்கு அந்த விலை. தனியாகத்தான் போவேன் என்றால் 'சிங்கிள் சப்ளிமென்ட்' என்று ஒரு தொகை தலையில் ஏறும்.

வெள்ளிக்கிழமை வேலை முடித்து, நண்பரோடு விமானம் ஏறி, வேறொரு நாட்டின் நகரத்தில் இரண்டு இரவு தங்கிவிட்டுத் திங்கள் காலை சிவந்த கண்களோடு அலுவலகத்துக்கு வந்து உட்காருகிறவர்கள் இன்று எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். ஊர் சுற்றும் ஆசை மனிதர்களுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததுதான். ஆனால் அந்த ஆசை ஏன் சரியாக இரண்டு இரவாக, ஒரு நகரமாக, இரண்டு பேராகச் சுருங்கி நின்றது? ஆசையைக் கேட்டால் பதில் வராது. கணக்குப் புத்தகத்தைத்தான் கேட்க வேண்டும். ரயில் கம்பெனி, விமானக் கம்பெனி, ஓட்டல் என்று ஒவ்வொருவரிடமும் விற்காமல் தேங்கிய சரக்கு ஒன்று இருந்தது. அந்தத் தேக்கத்திலிருந்து பிறந்த பயணம் இது.

முதலில் வேண்டியிருந்தது நாள். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபு வீட்டுப் பையன் இத்தாலிக்குக் கிளம்பினால் ஒரு வாத்தியாரையும் கூட அனுப்பிவிட்டு, ஓராண்டோ ஈராண்டோ கழித்துத்தான் வீட்டில் அவனை எதிர்பார்ப்பார்கள். மில் தொழிலாளிக்கோ ஞாயிறு ஒன்றுதான், அதுவும் தேவாலயத்துக்குப் போய்விடும். 1850-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளையவர்களும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது. அவர்கள் கையில்லாமல் ஆலை ஓடாது என்பதால் ஆண்களுக்கும் அரை நாள் கிடைத்தது. 1871-இல் ஜான் லப்பக் கொண்டுவந்த சட்டம் வங்கி விடுமுறைகளைக் கொடுத்தது. அமெரிக்காவில் 1926-இல் ஹென்றி ஃபோர்டு தன் ஆலைகளில் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்று ஆக்கினார். ஓய்வு நாளில் தொழிலாளி கார் ஓட்டுவான், கார் ஓட்டுகிறவன் கார் வாங்குவான் என்ற கணக்கு அவருக்கு நன்றாகவே தெரியும். இப்படித்தான் ஒன்றரை நாள், பிறகு இரண்டு நாள் என்று ஓர் இடைவெளி விழுந்தது.

அந்த இடைவெளிக்குள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகலாம் என்று கண்டவர்களில் முக்கியமானவர் தாமஸ் குக். தச்சர், பாப்டிஸ்ட் பிரசாரகர், மதுவிலக்குக்காரர். 1841 ஜூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லஃப்பரோவில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்குச் சுமார் 500 பேரைத் தனி ரயிலில் அழைத்துப் போனார். போய்வர ஒரு ஷில்லிங். ரயில் கம்பெனிக்கு எப்படியும் ஓடவேண்டிய தண்டவாளம், எப்படியும் வாங்கிவிட்ட பெட்டி. 500 பேரை ஒருவர் மொத்தமாகக் கொண்டுவருகிறார் என்றால் விலையைக் குறைக்க அவர்களுக்குத் தயக்கமில்லை. சாராயக் கடைக்குப் போகாமல் இருக்க ஜனங்களுக்கு வேறொரு கேளிக்கை வேண்டும் என்பது குக்கின் நோக்கம். இன்று பிராகுக்கும் ரீகாவுக்கும் விலை மலிந்த பீருக்காகவே சனி ஞாயிறு பறக்கும் ஆங்கிலேய இளைஞர் கூட்டங்களை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று சில நேரம் நினைத்துக்கொள்வேன்.

1855 பாரிஸ் கண்காட்சிக்குக் குக் ஆட்களைக் கூட்டிப்போனார். ஆங்கிலக் கால்வாயை நேராகக் கடக்கும் கப்பல் கம்பெனிகள் சலுகை தர மறுத்ததால் ஹாரிச், ஆண்ட்வெர்ப் என்று சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. 1861-இல் தொழிலாளர்களைப் பாரிசுக்கு அழைத்துப்போன பயணத்தில் அவருக்கு நஷ்டம். ஆனாலும் வெளிநாட்டு நகரம் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்புவது என்ற பழக்கத்தின் முளை அங்கே இருக்கிறது. 1860-களின் கடைசியில் அவர் ஓட்டல் கூப்பன்களையும் விற்க ஆரம்பித்தார். அறைக்கான பணத்தை ஊரிலேயே கட்டிவிட்டு, போகிற இடத்தில் ஒரு சீட்டை நீட்டினால் போதும்; தெரியாத ஊரில், தெரியாத பாஷையில் வாடகை பேசும் பயம் போயிற்று. இன்று கைப்பேசியில் 'புக்' செய்கிறோமே, அது அந்தக் கூப்பனின் பேரப்பிள்ளைதான்.

கப்பலும் ரயிலும் இருந்த வரைக்கும் இரண்டு இரவு என்பது பக்கத்து நாட்டோடு நின்றுவிடும். விமானம் வந்ததும் எல்லாம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு விமானம்தான் பெரிய முட்டுக்கட்டையாக நின்றது.

1944-இல் சிகாகோவில் கூடிய நாடுகள், ஒவ்வொரு நாட்டின் வான்வெளியும் அந்தந்த நாட்டுக்கே என்று எழுதிக்கொண்டன. அதன்பின் இரண்டு நாடுகளுக்கு நடுவே விமானம் பறக்க வேண்டுமென்றால் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட வேண்டும். பெரும்பாலும் இந்தப் பக்கம் ஓர் அரசு விமானக் கம்பெனி, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே கட்டணம் வாங்கும். பல தடங்களில் வருமானத்தையும் ஒரே பையில் போட்டுப் பங்கு பிரித்துக்கொள்ளும். கட்டணத்தை ஐயாட்டா என்ற விமானக் கம்பெனிகளின் சங்கம் முடிவு செய்தது. கட்டணத்தோடு நின்றதா? 1958-இல் அட்லாண்டிக் தடத்தில் எகானமி வகுப்பு வந்தபோது, அதில் ஏறுகிறவருக்கு வெறும் சாண்ட்விச்தான் தரவேண்டும் என்று விதி. ஐரோப்பியக் கம்பெனிகள் சில, ரொட்டித் துண்டின் மேல் இறைச்சியும் மீனும் குவித்து அதையும் சாண்ட்விச் என்று பரிமாறின. பான் அமெரிக்கன் கம்பெனி புகார் கொடுத்தது. சாண்ட்விச் என்றால் எது என்று உலகத்தின் பெரிய விமானக் கம்பெனிகள் மேசையில் உட்கார்ந்து வாதாடின. விலையில் போட்டியிட வழியில்லாதபோது ரொட்டியில்தான் போட்டியிட முடியும்.

இந்த அடைத்த வீட்டில் திறந்த முதல் சிறு ஜன்னல் விளாதிமிர் ரைட்ஸ் என்ற இளைஞர் செய்தது. மாஸ்கோவில் பிறந்து லண்டனில் வாழ்ந்தவர். 1950-இல் பழைய டகோட்டா விமானத்தை வாடகைக்கு எடுத்து, கார்சிகா தீவின் கால்விக்கு ஆட்களைக் கூட்டிப்போக அனுமதி கேட்டார். 32 பவுன் 10 ஷில்லிங்கில் விமானம், சாப்பாடு, கூடாரத்தில் படுக்கை எல்லாம். அரசு விமானக் கம்பெனியின் வியாபாரம் கெட்டுவிடும் என்று அதிகாரிகள் யோசித்து யோசித்து, மாணவர்களையும் ஆசிரியர்களையும் மட்டும் ஏற்றிக்கொள் என்று அனுமதித்தார்கள். பின்னாளில் லட்சக்கணக்கான ஆங்கிலேயரை ஸ்பெயின் கடற்கரைக்குக் கொண்டுசேர்த்த பேக்கேஜ் டூர் இப்படித்தான் தொடங்கியது. ஆனால் நம் கதைக்கு அது பெரியப்பா முறைதான், அப்பா அல்ல. காரணம் எளிது. வாடகை விமானம் சனிக்கிழமை புது ஆட்களை இறக்கிவிட்டு, போன வாரம் விட்டவர்களை ஏற்றிவரும். வெறுமையாகப் பறந்தால் நஷ்டம். ஆகவே விடுமுறை என்றால் ஏழு இரவு, இல்லையென்றால் பதினான்கு. நடுவில் இறங்கிக்கொள்ள முடியாது. இரண்டு இரவுப் பயணத்துக்குத் தினமும் போய்வருகிற விமானம் வேண்டும்.

தினமும் போய்வந்த விமானங்களோ கோட்டும் டையும் அணிந்தவர்களுக்காகப் பறந்தன. அவர்கள் டிக்கெட்டுக்குக் கம்பெனி பணம் கொடுக்கும். விலை எவ்வளவானாலும் ஏறுவார்கள். திங்கள் போய் வியாழன் திரும்பிவிடுவார்கள். வார இறுதியில் பாதி இருக்கை காலி. அந்த இருக்கைகளைச் சொந்தப் பணத்தில் போகிறவர்களுக்கு மலிவாக விற்கலாம். ஆனால் மலிவு டிக்கெட் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் கோட்டுக்காரரும் அதையே வாங்குவாரே? யார் வியாபாரத்துக்குப் போகிறார், யார் ஊர் பார்க்கப் போகிறார் என்று முகத்தைப் பார்த்தா சொல்ல முடியும்?

விமானக் கம்பெனிகள் இதற்கு ஒரு வேலி போட்டன. மலிவு டிக்கெட் வேண்டுமா, தாராளமாக. ஆனால் போன ஊரில் ஒரு சனிக்கிழமை இரவு தங்கியிருக்க வேண்டும். குடும்பம் இருக்கிற எந்த அதிகாரியும் கட்டண மிச்சத்துக்காகச் சனி இரவை ஃப்ராங்க்ஃபர்ட்டில் கழிக்கமாட்டார். வேலி நன்றாக வேலை செய்தது. அதைப் போட்டவர்கள் நினைத்திராத இன்னொன்றும் நடந்தது. கோட்டுக்காரரை வெளியே நிறுத்தப் போட்ட அந்த நிபந்தனை, மற்றவர்களுக்கு ஒரு வழிகாட்டியாகவே ஆகிவிட்டது: வெள்ளி மாலை போ, சனி இரவு தங்கு, ஞாயிறு மாலை வா. நம் பயணத்தின் உருவத்தை வரைந்தது இந்த ஒற்றை விதிதான் என்று நான் நினைக்கிறேன். எந்தக் கவிஞரும் எந்தப் பயண எழுத்தாளரும் இதற்கு உரிமை கோர முடியாது. கட்டண அலுவலகத்தில் இருந்த யாரோ ஒரு குமாஸ்தா கோரலாம்.

அதே கோட்டுக்காரர் இறங்கிய ஓட்டலிலும் அதே கதை. பிரசல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவலகங்கள் நிறைந்த ஊர். திங்கள் முதல் வியாழன் வரை கூட்டம், மாநாடு, பேச்சுவார்த்தை என்று அறை கிடைக்காது. வெள்ளி பிற்பகல் எல்லோரும் பெட்டியை இழுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டால் நல்ல நல்ல ஓட்டல்கள் வெறிச்சோடிக் கிடக்கும். நேற்றிரவு காலியாகப் போன கட்டிலை இன்று இரண்டாக விற்க முடியாது. வேலைக்காரருக்குச் சம்பளம், விளக்கு, வெந்நீர்க் கொதிகலன் எல்லாம் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செலவுதான். பாதி விலைக்காவது யாராவது வந்து படுத்தால் லாபம். காலி இருக்கையையும் காலிக் கட்டிலையும் சேர்த்துக் கட்டி ஒரே விலையில் விற்கலாம் என்று டிராவல் கம்பெனிகள் கண்டுகொண்டன. பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், ரோம் என்று தனித்தனிப் பட்டியல் புத்தகங்கள் அச்சாகின.

அப்போதும் அது வசதியானவர்களின் விளையாட்டாகவே இருந்தது. எல்லோர் கைக்கும் எட்டியது எப்படி என்பதற்கு ஒரு நீதிமன்ற வழக்கையும் ஒரு வம்சாவளியையும் சொல்ல வேண்டும்.

வழக்கு பிரான்சில் நடந்தது. நூவெல் ஃப்ரோன்டியேர் என்ற டிராவல் கம்பெனி, அரசு ஒப்புக்கொண்ட கட்டணத்தைவிடக் குறைவாக விமான டிக்கெட் விற்றுவிட்டது. குறைவாக விற்றதே குற்றம். வேறு சிலரோடு சேர்த்து அதன் பொறுப்பாளர்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். விவகாரம் லக்ஸம்பர்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போக, 1986 ஏப்ரலில் அது, வியாபாரப் போட்டிக்கான ஐரோப்பிய விதிகள் விமானத்துக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே பிரிட்டனும் நெதர்லாந்தும் தங்களுக்குள் தடத்தைத் திறந்துவிட்டிருந்தன. ஐரோப்பா 1987, 1990, 1992 என்று மூன்று தவணையாகப் பூட்டைக் கழற்றியது. 1993 தொடக்கத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் எந்தக் கம்பெனியும் தன் கட்டணத்தைத் தானே முடிவு செய்யலாம். 1997 ஏப்ரலிலிருந்து எந்த நாட்டுக் கம்பெனியும் இன்னொரு நாட்டுக்குள்ளேயே கூடப் பறக்கலாம். இதற்கிடையில் 1995 மார்ச்சில் ஷெங்கன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, ஏழு நாடுகளுக்கிடையே எல்லையில் பாஸ்போர்ட் நீட்டும் வேலையும் ஒழிந்தது.

வம்சாவளி டெக்சாஸில் தொடங்குகிறது. 1971-இல் டல்லஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ மூன்று ஊர்களுக்கிடையே பறக்க ஆரம்பித்த சவுத்வெஸ்ட் கம்பெனி, அடுத்த ஆண்டே பணமுடையில் தன் நான்கு விமானங்களில் ஒன்றை விற்றுவிட்டது. நான்கு விமானத்துக்குப் போட்ட கால அட்டவணையை மூன்றைக்கொண்டு ஓட்டியாக வேண்டும். வழி ஒன்றுதான்: தரையிறங்கிய விமானம் பத்து நிமிடத்தில் மறுபடி கிளம்ப வேண்டும். இறங்குகிறவர் இறங்கும்போதே குப்பை பொறுக்கப்பட்டது. கைகொடுக்க ஆள் குறைந்தால் மேலாளர்களும் மூட்டை தூக்கினார்கள். தரையில் நிற்கும் விமானம் சம்பாதிக்காது என்ற பாடத்தை அவர்கள் வறுமையில் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பாடத்தை 1990-களின் தொடக்கத்தில் டல்லஸுக்கே போய்க் கேட்டுவந்தவர் அயர்லாந்தின் மைக்கேல் ஓ'லியரி. அவர் வேலை பார்த்த ரையனேர், 1986-லேயே 46 இருக்கை விமானத்தில் டப்ளின்–லூட்டன் தடத்தைப் பெரிய கம்பெனிகளின் பாதி விலைக்கும் கீழே விற்று, ஆனாலும் நஷ்டத்தில் மூழ்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்த ஓ'லியரி இலவசச் சாப்பாடு உட்பட எல்லாவற்றையும் பிடுங்கினார். ஊரையும் பிடுங்கினார் என்றே சொல்லலாம். ரையனேர் 'ஃப்ராங்க்ஃபர்ட்' என்று விற்ற ஹான் விமான நிலையம், ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி, அமெரிக்க விமானப்படை விட்டுப்போன ஓடுபாதை. சென்னைக்கு டிக்கெட் வாங்கினவரைத் திண்டிவனத்தில் இறக்கிவிடுவதற்குச் சமம். அந்த ஓடுபாதையும் காலியாகக் கிடந்த சரக்குதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1995 நவம்பர் 10 அன்று, 28 வயதான ஸ்டெலியோஸ் ஹாஜி-இயோவானு, கப்பல் முதலாளி வீட்டுப் பிள்ளை, வாடகைக்கு எடுத்த விமானங்களோடு லூட்டனிலிருந்து கிளாஸ்கோவுக்கு ஈஸிஜெட்டைத் தொடங்கினார். ஒரு வழிக்கு 29 பவுன்; ஒரு ஜீன்ஸ் விலை என்று விளம்பரம். விமானத்தின் பக்கவாட்டில் ஆரஞ்சு வண்ணத்தில் ராட்சத அளவுக்குத் தொலைபேசி எண்ணை எழுதிவைத்தார், ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுக்காமல் நேராகக் கூப்பிடட்டும் என்று. 'ஒரு வழிக்கு' என்பதுதான் இங்கே முக்கியம். போகும் டிக்கெட் தனி, வரும் டிக்கெட் தனி என்றான பிறகு, சனி இரவு தங்கினாயா என்று கேட்க வழியே இல்லை. வேலி விழுந்தது. ஆனால் அதற்குள் வெள்ளி போய் ஞாயிறு வருவது ஜனங்களின் உடம்பில் ஊறிவிட்டிருந்தது.

அடுத்த கேள்வி: ஏன் நகரம்? கடற்கரைக்கு வெயில் வேண்டும். இரண்டு நாள் பயணத்தில் ஒரு நாள் மழை பெய்தால் பாதிப் பயணம் போச்சு. நகரம் நவம்பரிலும் திறந்திருக்கும். மழை வந்தால் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துகொள்ளலாம். அதைவிடப் பெரிய காரணம், அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் பல நகரங்களே காலியாகிக்கொண்டிருந்தன. கப்பல் கட்டும் துறைகளும் எஃகு ஆலைகளும் மூடிக்கொண்ட கிளாஸ்கோவும் பில்பாவும் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தேடின. கிரேக்க நடிகையும் கலாசார அமைச்சருமான மெலினா மெர்க்கூரி முன்வைத்த யோசனைப்படி, 1985-இல் ஏதென்ஸில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு நகரத்தை ஐரோப்பியக் கலாசார நகரமாக அறிவித்தார்கள். ஏதென்ஸ், ஃபிளாரன்ஸ், பாரிஸ் என்று போன வரிசையில் 1990-இல் கிளாஸ்கோவின் பெயர் வந்தபோது பலர் புருவம் உயர்த்தினார்கள். புகையும் அடிதடியும்தான் அந்த ஊரின் பெயர். அந்த ஓராண்டுக்குப் பிறகு, பார்க்கப் போகிற ஊர்களின் பட்டியலில் அதுவும் ஏறியது. 1997-இல் பில்பாவ், ஃப்ராங்க் கெரி வரைந்த டைட்டானியம் தகட்டு குகன்ஹைம் அருங்காட்சியகத்தை ஆற்றங்கரையில் திறந்தது. அதற்கு முன் அந்த ஊரின் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர்கள் அதற்காகவே விமானம் ஏறினார்கள். பெர்லின் சுவர் விழுந்தபின் பிராகும் புடாபெஸ்டும் திறந்துகொண்டன. இரண்டு நாளில் பார்த்து முடிக்கிற அளவில், நடந்தே சுற்றுகிற தூரத்தில், கையில் பணம் இல்லாமல் காத்திருந்த நகரங்கள்.

நண்பர் எங்கே வந்தார்? ஓட்டல் அறையில்தான். அறைக்கு விலை ஒன்று, கட்டில் இரண்டு. ஆரம்பத்திலிருந்தே பயணப் பட்டியல்கள் விலையை இரண்டாய் வகுத்துத்தான் போட்டன. கணவன் மனைவிதான் அந்த இருவர் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். நடைமுறையில் தம்பதிகளுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பள்ளிக்கூட விடுமுறை இருக்கிறது, விடுமுறையில் டிக்கெட் விலை ஏறுகிறது. இரண்டே நாளைக்கு, அதிலும் ஊர் முழுக்கக் கால் வலிக்க நடப்பதற்கு, குடும்பத்தைக் கட்டி இழுக்க யாருக்கும் தெம்பில்லை. அங்கேதான் கல்லூரித் தோழி வருகிறாள், பழைய அலுவலகச் சகா வருகிறார். இது புதிதுமல்ல. 1863-இல் தாமஸ் குக் சுவிட்சர்லாந்துக்குக் கூட்டிப்போன முதல் குழுவில் ஜெமிமா மாரல் என்ற பெண் இருந்தார். சக பயணிகளோடு சேர்ந்து தங்களுக்கு ஒரு வேடிக்கையான மலையேற்றச் சங்கப் பெயரும் வைத்துக்கொண்டு, நடந்ததையெல்லாம் டயரியில் எழுதினார். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்த லண்டன் கட்டட இடிபாட்டில் அந்த டயரி கிடைத்து, பயணம் நடந்து நூறாண்டு கழித்து 1963-இல் புத்தகமானது.

நண்பரோடு போவதில் உள்ள சௌகரியம் கணக்கோடு முடிவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒருவர் கழிப்பறைக்குப் போனால் மற்றவர் பெட்டியைப் பார்த்துக்கொள்வார். மெட்ரோ வரைபடத்தை ஒருவர் தலைகீழாகப் பிடித்தால் இன்னொருவர் திருப்பித் தருவார். இரண்டு தட்டு வாங்கி நான்கு ருசி பார்க்கலாம். சண்டை வந்தாலும் இரண்டே இரவு. மூன்றாம் நாள் விமானத்தில் தூங்கிவிடுவார்கள். ஏழு இரவில் முறியக்கூடிய சிநேகிதம் இரண்டு இரவில் தப்பித்துக்கொள்ளும்.

நம் பக்கம் இந்தப் பயணம் வந்துசேர்ந்த பாதை தனிக்கதை. 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றி, பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் வழியாகச் சிங்கப்பூர் போகும். ஏறக்குறைய ஒரு வாரம், பெரும்பாலானோர் திறந்த மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்தபடி. போனவர்கள் பிழைக்கப் போனார்கள். திரும்பி வர ஆண்டுகள் ஆகும், சிலர் வரவே இல்லை. சனி ஞாயிறுக்குப் பினாங்கு என்று சொன்னால் நாகப்பட்டினத்தில் சிரித்திருப்பார்கள். வசதி இருந்தவர்களுக்கும் வழியில்லை. 1960-களிலும் 70-களிலும் வெளிநாடு போன இந்தியர் கையில் எட்டு டாலர் மட்டும் கொண்டுபோன கதைகளை அந்தத் தலைமுறையினர் இன்றும் சொல்கிறார்கள். பிரிட்டனிலேயே 1966 முதல் 1970 வரை வெளிநாட்டுப் பயணத்துக்கு ஐம்பது பவுன்தான் எடுத்துப்போகலாம் என்ற கட்டுப்பாடு இருந்தது. நம் கட்டுப்பாடு அதைவிடப் பல மடங்கு கடுமை. 2004-இல் ரிசர்வ் வங்கி ஆண்டுக்கு 25,000 டாலர் வரை தனிநபர் அனுப்பலாம், செலவழிக்கலாம் என்று திறந்துவிட்டது. இப்போது அந்த வரம்பு 2,50,000 டாலர்.

விமானம் வந்தது மலேசியாவிலிருந்து. டோனி ஃபெர்னாண்டஸ் இங்கிலாந்தில் விடுதிப் பள்ளியில் படித்த பையன். இடைப்பருவ விடுமுறைக்கு ஊருக்குப் போய்வர டிக்கெட் விலை இடம் கொடுக்காது. பிறகு இசைத்தட்டுக் கம்பெனி அதிகாரி. லண்டனில் தொலைக்காட்சியில் ஈஸிஜெட் ஸ்டெலியோஸைப் பார்த்துவிட்டு லூட்டனுக்கே போய், யார் யார் எங்கே எங்கே இத்தனை மலிவாகப் போகிறார்கள் என்று நின்று வேடிக்கை பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 2001 டிசம்பரில் இரண்டு விமானமும் நான்கு கோடி ரிங்கிட் கடனும் உள்ள ஏர் ஏஷியாவை ஒரே ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கினார். ரையனேரில் பொறுப்பில் இருந்த கானர் மெக்கார்த்தி கூட்டாளியானார். டல்லஸ், டப்ளின், லூட்டன், கோலாலம்பூர் என்று வம்சம் நீண்டது. ஆனாலும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே உள்ள ஒரு மணி நேரத் தடத்தில் நுழைய 2008 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரு நாடுகளின் பெரிய விமானக் கம்பெனிகள் அதைத் தங்களுக்குள் வைத்திருந்தன. அதே 2008 டிசம்பரில் ஏர் ஏஷியா இந்தியாவுக்குள் காலெடுத்து வைத்தது. முதலில் வந்தது டெல்லிக்கோ மும்பைக்கோ அல்ல, திருச்சிக்கு. ரஜுலாவில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் எந்த ஊருக்கு வந்துபோவார்கள் என்று அந்தக் கம்பெனிக்குத் தெரிந்திருந்தது.

நம் ஊரிலிருந்து கிழக்கே போகும் மலிவு விமானங்களில் பல நடுராத்திரியில் கிளம்புவதைக் கவனித்திருப்பீர்கள். பகலெல்லாம் தன் ஊரில் குறுந்தூரம் ஓடிய விமானத்தை இரவில் தூங்கவிடாமல் இந்தியாவுக்கு ஒரு நடை அனுப்புகிறார்கள். டெக்சாஸின் பத்து நிமிடப் பாடம்தான் இதுவும். நமக்கும் அது வசதி: வெள்ளி முழுக்க வேலை பார்த்துவிட்டு ஏறலாம், கோலாலம்பூரில் விடியும்போது இறங்கலாம். மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னே இருப்பதால் தூக்கம்தான் கணக்கில் குறையும். பத்துமலையின் 272 படிகளைச் சனிக்கிழமை காலையிலேயே ஏறிவிடுகிறவர்கள் உண்டு. ஓட்டல் அறை பிற்பகலில்தான் கிடைக்கும் என்பதால் வேறு என்ன செய்வது? 2023 நவம்பரில் தாய்லாந்தும் டிசம்பரில் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று சொன்னதோடு கடைசித் தடையும் போயிற்று. புதன்கிழமை முடிவெடுத்து வெள்ளிக்கிழமை போகலாம் என்பது நம் பாஸ்போர்ட்டுக்குப் பழக்கமில்லாத அனுபவம்.

இந்தப் பயணம் பிறந்த காரணத்தையே தின்றுவிட்டது என்பதுதான் இதில் வேடிக்கை. காலியாகக் கிடந்த வெள்ளி இரவு இருக்கை இன்று பல தடங்களில் வாரத்தின் விலையுயர்ந்த இருக்கை. பிராகிலும் பார்சலோனாவிலும் சனி இரவு அறைக்குத்தான் அதிக வாடகை. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2007-இல் ஒரு மாநாட்டுக்கு ஓட்டல்கள் நிறைந்துபோனபோது இரண்டு இளைஞர்கள் தங்கள் வீட்டுக் கூடத்தில் காற்று மெத்தை விரித்து வாடகைக்கு விட்டார்கள். அது ஏர்பிஎன்பியாக வளர்ந்து, குடியிருப்பவர்களின் வீடுகளே அறைகளாக மாறின. பார்சலோனா மேயர் 2024-இல், 2028 நவம்பருக்குள் சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமங்கள் அனைத்தும் முடிவுக்கு வரும் என்று அறிவித்தார். ஆம்ஸ்டர்டாம் 2023-இல், குடித்துக் கூத்தடிக்க வருகிற பிரிட்டன் இளைஞர்களைப் பார்த்து வராதே என்று விளம்பரமே செய்தது. வெனிஸ் 2024 ஏப்ரல் 25 முதல் கூட்டம் மிகுந்த நாள்களில் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது, ஆனால் பகலில் வந்து மாலையில் போகிறவரிடம் மட்டும். ஊருக்குள் அறை எடுத்து ஓர் இரவு தூங்கினால் அது கிடையாது. சனி இரவு விதியை எழுதிய குமாஸ்தாவுக்கு இதைக் கேட்டால் சந்தோஷமாக இருக்கும்.

இப்போது காலி இருக்கைகள் செவ்வாய்க்கும் புதனுக்கும் நகர்ந்துவிட்டன. மடிக்கணினியோடு எங்கிருந்தும் வேலை பார்க்கிறவர்களைக் குறிவைத்து வார நடுவில் சலுகை விலைகள் வருகின்றன. இருவருக்கு ஓர் அறை என்ற கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை லீவு கிடைக்கிற நண்பரைக் கண்டுபிடிப்பதுதான் பாடு.